சைலன்சர் மாற்றப் போகிறீர்களா? லாரி வீட்டுக்கு 40 குறிப்புகள்

லாரி, மினி லாரி வைத்துப் பிழைக்கும் நம் வீடுகளில் டயருக்கும் டீசலுக்கும் காட்டும் அக்கறையில் பாதிகூடப் புகை போகும் வழிக்குக் காட்டுவதில்லை. சத்தம் காதைப் பிளக்கும்போதுதான் அடியில் குனிந்து பார்க்கிறோம். சைலன்சர் வேலை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சாமானின் விலையைவிட உடைந்த ஸ்டட்டும், கைவிட்டுப்போன லோடும், வீணாக நின்ற நாளும்தான் கையைக் கடிக்கும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும், பட்டறையில் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவர்களுக்கும் உதவும் சின்னச் சின்ன வழிகள் இதோ!

மாற்றும் முன்னால்

1. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கிவிட்டால் மேனிஃபோல்டு பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். சூட்டில் இரும்பு விரிந்து சந்தை அடைத்துக்கொள்வதால் மதியத்தில் எதுவும் கேட்காது. வண்டியை முந்தின ராத்திரியே பட்டறையில் விட்டு, ஆறிய எஞ்சினில் கேட்கச் சொல்லுங்கள்.

2. டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள். புகை கசியும் இடத்தில் கரி கோடு கோடாகப் படிந்திருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டால் மெக்கானிக் தேடும் நேரம் மிச்சம்.

3. கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பிடிக்கத் தூசி ஊதும் ப்ளோயர் போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டெயில் பைப்பில் ப்ளோயரை வைத்து, சுற்றித் துணியால் அடைத்து ஊதவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விடைத் தண்ணீரில் கரைத்து ஜாயின்ட்டுகளில் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை பொங்கும்.

4. ஆறிய சைலன்சரை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'கலகல'வென்றால் உள்தகடு விட்டுவிட்டது, சைலன்சரையே மாற்ற வேண்டும். கணீரென்று கேட்டு, ஓட்டை மட்டும் வெளியே இருந்தால் ஒட்டுப் போட்டே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

5. ஃபிளெக்ஸிபிள் பைப் அடிக்கடி கிழிகிறதா? குற்றவாளி பைப் இல்லை, பெரும்பாலும் எஞ்சின் மவுன்டிங் ரப்பர்தான். ரப்பர் தளர்ந்து எஞ்சின் ஆடினால் எத்தனை புதுப் பைப் போட்டாலும் கிழியும். முதலில் ரப்பரை மாற்றுங்கள்.

6. டர்போ வண்டியில் இழுவை குறைந்து, கரும்புகை கக்கி, மைலேஜும் இறங்கினால் உடனே டர்போவைக் குறை சொல்ல வேண்டாம். மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் கசிந்தாலும் டர்போவைச் சுழற்றும் வேகம் போய்விடும். பெரிய செலவுக்குக் கை நீட்டும் முன் அந்தப் பேக்கிங்கைப் பாருங்கள்.

7. சி.என்.ஜி. மினி லாரியில் ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சரை ஏமாற்றும். எரிபொருள் போதவில்லை என்று நினைத்து எஞ்சின் கூடுதலாக ஊற்றும். சென்சர் மாற்றச் சொன்னால் முதலில் கசிவை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

வாங்கும்போது

8. பைப்பின் அளவு தெரியவில்லையா? வீட்டிலிருக்கும் தையல் டேப்பால் வெளிச்சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுங்கள். சுற்றளவு 20 செ.மீ. வந்தால் இரண்டரை அங்குலம், 24 வந்தால் மூன்று அங்குலம், 32 வந்தால் நான்கு அங்குலம்.

9. பேக்கிங், நட்டு, ஸ்டட், கிளாம்ப், தொங்கும் ரப்பர் இவற்றையெல்லாம் சைலன்சரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது ஒரு சின்ன நட்டுக்காகக் கடை தேடி அலைவதைவிடப் பெரிய கொடுமை இல்லை. பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது.

10. பழைய சாமானைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் அதை அளவுகோலோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். சேஸ் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலேயே வருஷத்துக்கு வருஷம் வளைவும் துளையும் மாறும்.

11. சாதா இரும்புத் தகடு விலை குறைவு, அலுமினியப் பூச்சு போட்ட தகடு நடுத்தரம், ஸ்டெயின்லெஸ் அதிகம். காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். சைலன்சருக்குப் போடும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும். மழையிலும் கடற்கரைச் சாலையிலும் ஓடும் வண்டி என்றால் கூடுதல் விலை வீண் போகாது.

12. வீட்டில் மிஞ்சிய ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வெட்டிப் புகைக்குழாய் செய்ய ஆசைப்பட வேண்டாம். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகைந்து, மூச்சில் ஏறினால் குளிர்காய்ச்சல் வரும். மிச்சப்படுத்திய காசு டாக்டருக்குத்தான் போகும்.

முந்தின நாளே

13. நட்டின் வெளியே தெரியும் மரையை முதலில் வயர் பிரஷால் சுத்தமாகத் தேயுங்கள். துருவைத் தாண்டி நட்டு வர வேண்டுமானால் அதற்கு வழி வேண்டும். இந்த ஐந்து நிமிஷ வேலைதான் பாதி ஸ்டட்டுகளைக் காப்பாற்றும்.

14. தேய்த்த பிறகு துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டுக்கும் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல் மாலை ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று சொட்டுச் சொட்டாக விட்டால் எண்ணெயும் மிச்சம். இடையிடையே நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும்.

15. ஓடி வந்த வண்டியில் உடனே கை வைக்காதீர்கள். பைப் ஆறியது போலத் தெரிந்தாலும் பி.எஸ்.6 வண்டியின் புகை வடிகட்டி நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். விடியற்காலை வேலைதான் சைலன்சருக்கு ஏற்றது, வெயிலும் தெரியாது.

16. கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு நிற்காமல் ஸ்டாண்டும் வைத்த பிறகே அடியில் படுங்கள். ஹாலோபிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் நொறுங்கும். மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்வதால் துரு கண்ணில் கொட்டும். கண்ணாடி போடாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

கழற்றும்போது

17. முட்டை அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாமக்கல் பக்கத்து வீடுகளில் அதற்கா பஞ்சம்! எஞ்சின் பக்கத்திலிருந்து வால்பக்கம்வரை கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் நட்டு, வாஷரைப் போடுங்கள். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்ற குழப்பமே வராது.

18. துருப்பிடித்த நட்டுக்கு ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரே சரி. பன்னிரண்டு மூலை ஸ்பேனர் மூலையைச் சிதைத்துவிடும். எடுத்த எடுப்பில் கழற்றாமல் முதலில் இறுக்கும் பக்கம் மிக லேசாக அசையுங்கள். 'டக்'கென்று துரு விட்டதும் கொஞ்சம் கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்றி என்று வாருங்கள்.

19. எதற்கும் மசியாத நட்டுக்குச் சாமி அறையில் இருக்கும் மெழுகுவர்த்தி கைகொடுக்கும். நட்டை கேஸ் டார்ச்சால் சூடாக்கி, தீயை அணைத்துவிட்டு, மரையின் ஓரத்தில் மெழுகைத் தொட்டால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊறவிட்ட எண்ணெயை முதலில் துடைத்துவிடுங்கள். டீசல் பைப், ஏர் ஹோஸ், வயர் பக்கத்தில் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

20. தூக்கிப் போடப் போகும் பைப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று இறுகிய ஜாயின்ட்டில் வெளிப் பைப்பை கிரைண்டரால் நீளவாக்கில் கீறி உளியால் நெம்பினால் வாழைப்பழம் உரிவது போலப் பிரிந்துவிடும். உள்ளே இருக்கும் நல்ல பைப்பில் வெட்டு விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

21. ஸ்டட்டைக் கழற்ற தனிக் கருவி தேவையில்லை. இரண்டு நட்டுகளை அதில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, உள்பக்கத்து நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் ஸ்டட்டே சுழன்று வரும். புது ஸ்டட்டை மாட்டும்போது வெளிப்பக்கத்து நட்டைத் திருப்புங்கள்.

22. ஸ்டட் உள்ளேயே முறிந்துவிட்டால் பதற்றத்தில் கையால் டிரில் போடாதீர்கள். துளை கோணலானால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் அடித்து எடுத்துத் தரும் கைதேர்ந்த பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்; அந்தக் கூலி மலிவு.

23. தொங்கும் ரப்பரைக் கழற்றவும் மாட்டவும் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். புது ரப்பர் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுங்கள்.

24. சென்சர்களை முதலில் கழற்றி, சுத்தமான துணியில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வயர் பிளக்கைப் பிரித்த பிறகே சென்சரைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பது பீங்கான். ஒருமுறை கீழே விழுந்தால் போச்சு.

மாட்டும்போது

25. மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் முகம் வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டு வாங்கி மாட்டினால்தான் புதுப் பேக்கிங் நிற்கும்.

26. பழைய பேக்கிங் துணுக்குகளை மரத்துண்டு அல்லது பித்தளைத் தகட்டால் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். அலுமினிய ஹெட் என்றால் உளி பக்கமே போகக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் அதன் வழியே புகை வரும்.

27. சூடு தாங்கும் செம்பு கிரீஸை மரைகளில் மெல்லிதாகத் தடவி மாட்டினால் அடுத்த முறை நட்டு சொன்னபடி கேட்கும். சென்சரின் நுனியில் மட்டும் அது படவே கூடாது. இரும்பு நட்டுக்குப் பதில் செம்புப் பூச்சு நட்டுகள் கிடைத்தால் வாங்குங்கள், துருப்பிடித்து ஒட்டாது.

28. முதலில் எல்லாவற்றையும் தளர்வாகக் கோத்து, வளைவு நெளிவு சரிபார்த்த பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து வால்பக்கம் நோக்கி இறுக்கிக்கொண்டு வாருங்கள். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே ஓரத்திலிருந்து இறுக்கினால் மேனிஃபோல்டு வளைந்து விரிசல் விடும்.

29. இறுக்கி முடித்ததும் பைப் நெடுகக் கையை ஓட்டுங்கள். பிரேக் பைப், ஏர் ஹோஸ், வயர், டீசல் லைன் எதுவும் இரண்டு விரல் இடைவெளிக்குள் இருக்கக் கூடாது. கழற்றிய வெப்பத் தகட்டைத் திரும்ப மாட்டச் சோம்பல் படாதீர்கள், அது அலங்காரத்துக்கு இல்லை.

30. சைலன்சரில் அம்புக்குறி இருந்தால் புகை போகும் திசையில் வைத்து மாட்டுங்கள். அடிப்பக்கம் ஊசித்துளை ஒன்று தெரிந்தால் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட வேண்டாம். உள்ளே சேரும் தண்ணீர் வடிய வைத்த வழி அது.

31. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் பைப்பைக் கழற்றிய கையோடு அந்தப் பிரேக்கின் மூடியைக் கையால் அசைத்துப் பாருங்கள். கரி ஏறி இறுகியிருந்தால் சுத்தம் செய்து தடையின்றித் திரும்ப விடுங்கள். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது பிரேக் டிரம்மின் சூட்டைக் குறைத்துக் காப்பாற்றுவது அதுதான்.

32. கூடியவரை சைலன்சரை வெளியே எடுத்தே வெல்டிங் வையுங்கள். வண்டியிலேயே வைக்க வேண்டியிருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் தப்பிக்கும். பிரேக் கிளீனரால் கழுவிய இடத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், சில கிளீனர்கள் சூட்டில் விஷவாயுவாக மாறும்.

பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்கு

33. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டியின் டெயில் பைப்புக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். வடிகட்டி நன்றாக இருந்தால் துணியில் கரி அதிகம் ஒட்டாது. கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டியில் விரிசல் இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

34. யூரியா கரைசல் ஊற்றும் வண்டியில் சாவியை அணைத்த உடனே பேட்டரியைக் கழற்றாதீர்கள். குழாயில் மிச்சமிருக்கும் கரைசலை பம்ப் திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிஷம் வேண்டும். ஜாயின்ட்டில் வெள்ளைப் பொடி உறைந்திருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பொடி கரைந்துவிடும்.

35. புது வடிகட்டி வாங்கும் முன் பழையது ஏன் அடைத்தது என்று கேளுங்கள். டர்போ ஆயில் கசிவையோ, கெட்ட இன்ஜெக்டரையோ சரிசெய்யாமல் போட்டால் புதியதும் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை எடுத்துவிட்டுக் காலி டப்பாவாக ஓட்டலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அது சட்டத்துக்கும் விரோதம், ஊராருக்கும் கேடு.

வேலை முடிந்த பிறகு

36. முதல் ஸ்டார்ட்டைத் திறந்தவெளியில் போடுங்கள்; புதுச் சாமானில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிந்து கொஞ்ச நேரம் புகை வரும், பயப்பட வேண்டாம். ஒரு நடை போய்வந்து, ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் கிளாம்ப்புகளையும் மறுபடி ஒரு பிடி பிடியுங்கள். அந்தக் கால் மணி நேர வேலைதான் புதுப் பேக்கிங்கின் ஆயுளைக் கூட்டும்.

37. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். உள்ளூரிலேயே சின்னச் சின்ன நடை போகும் வண்டியில் அது வெளியேறாமல் சைலன்சருக்குள் தங்கித் துருவாக்கும். வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடாகும்படி நெடுந்தூரம் ஓட்டுங்கள். வெளியே அதிக வெப்பம் தாங்கும் பெயிண்ட் மட்டுமே அடியுங்கள்.

38. ரோட்டில் உலரப் போட்ட கொள்ளு, எள்ளுச் செடி மேல் ஏறி வந்தால் சற்றுத் தள்ளி நிறுத்தி அடியில் பாருங்கள். சூடான பைப்பில் சுற்றிய காய்ந்த செடி தீப்பிடிக்கும். வழியில் பைப் ஓட்டையானால் எண்ணெய் டின் தகட்டைச் சுற்றி இரண்டு கிளிப் போட்டு இறுக்கலாம். ஊர் வந்து சேர மட்டுமே அது.

39. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: கேபினுக்கு அடியிலோ முன்னாலோ கசிவு இருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திச் சரிசெய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கித் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கும் பழக்கத்தை டிரைவரும் கிளீனரும் அறவே விட, வீட்டில் இருப்பவர்கள்தான் போன் போட்டுச் சொல்லிச் சொல்லி மாற்ற வேண்டும்.

40. லாரிக்கு எட்டு வருஷம்வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷா வருஷமும் எஃப்.சி. வரும், சைலன்சர் வேலையை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் ஒரே அலைச்சலில் எல்லாம் முடியும். புகை விஷயத்தில் விதி மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதம் இருக்கிறது, அந்தக் காசில் பேக்கிங் வாங்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்; கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் இருப்பதால் காயலான் கடையில் இரும்பு எடைக்குப் போட்டுவிடாமல் நாலு இடம் விசாரித்துக் கொடுங்கள்.

மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட சாமான், கொடுத்த விலை நான்கையும் டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எந்தக் கடைச் சாமான் உழைத்தது, எது ஏமாற்றியது என்று அந்தப் பக்கமே சொல்லும். உங்கள் வீட்டில் வேறு நல்ல யோசனை இருந்தால் அதையும் பக்கத்து லாரி வீட்டுக்குச் சொல்லுங்கள், நாலு பேருக்குப் பயன்படட்டும்!